வாய் திறக்காத பழி

பழிவாங்கும் கதைக்கு எப்போதும் ஒரு வாய் உண்டு. "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தி இறங்கும். யார், யாரை, எதற்காக என்பதை இரண்டு மூன்று வரியில் சொல்லி, பார்ப்பவரின் மனசாட்சியைச் சமாதானம் செய்துவைப்பதுதான் அந்த வசனத்தின் வேலை. அதைப் பிடுங்கிவிட்டால் திரையில் மிஞ்சுவது ஓர் உடம்பு இன்னோர் உடம்பைச் சிதைக்கும் காட்சி மட்டுமே. அதில் நியாயம் இருந்ததா என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். வசனமே இல்லாத பழிவாங்கல் திகில் படங்கள் நம்மை இருக்கையில் நெளியவைப்பதற்கு ரத்தத்தைவிட இதுவே பெரிய காரணம்.

'வசனமற்ற' என்ற சொல்லைப் பலரும் தளர்வாகவே பயன்படுத்துகிறார்கள். 1920களின் மௌனப் படங்களில் பாத்திரங்கள் ஓயாமல் பேசுகின்றன. நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். எழுத்து அட்டைகள் அந்தக் குறையை ஈடுகட்டின. கதாநாயகி மட்டும் ஊமையாக, சுற்றியிருப்பவர்கள் வாய் ஓயாமல் பேசும் படங்கள் வேறொரு வகை. யாருமே பேசாத படம் இன்னொன்று. சைகை மொழியில் படம் முழுக்க உரையாடல் நடந்தும் அது நமக்கு மொழிபெயர்த்துத் தரப்படாத படங்களும் உண்டு. அலறலும் முனகலும் அழுகையும் இவை எல்லாவற்றிலும் அனுமதிக்கப்பட்டவை. இல்லாதது சொல்தான், சத்தம் அல்ல. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுப் படமெடுக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

கலைப்படமும் எக்ஸ்ப்ளாய்டேஷன் (சுரண்டல்) எனப்படும் மலிவுக் கிளர்ச்சிப் படமும் எதிரெதிர் துருவங்கள் என்று நினைப்பது வழக்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் 1953இல் எடுத்த 'சம்மர் வித் மோனிகா'வை அமெரிக்காவில் வாங்கியவர் குரோகர் பாப். பாலியல் 'விழிப்புணர்வு' என்ற பெயரில் படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காசு பார்த்த வியாபாரி. படத்தை 62 நிமிடமாக வெட்டி, இசையை மாற்றி, 'ஒரு கெட்ட பெண்ணின் கதை' என்று தலைப்பை நீட்டி ஓட்டினார். ஜார்ஜ் ஃப்ரான்ஜுவின் 'முகமில்லாத கண்கள்' (1960) அமெரிக்காவுக்குப் போனபோது 'டாக்டர் ஃபாஸ்டஸின் திகில் அறை' என்று பெயர் மாறி, ஒரு மூன்றாந்தர அசுரப் படத்தோடு ஒரே டிக்கெட்டில் இரண்டு படமாக ஓடியது. ஒரே ரீல் ஓர் ஊரில் கலை, அடுத்த ஊரில் கிளர்ச்சி. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. மகளைச் சிதைத்துக் கொன்றவர்களைத் தந்தை பழிதீர்க்கும் பெர்க்மனின் 'த வர்ஜின் ஸ்பிரிங்' (1960) ஆஸ்கர் வாங்கியது. அதே கதை முதுகெலும்பில் வெஸ் கிரேவன் 1972இல் 'த லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்'டை எடுத்தார். முன்னதற்கு மரியாதை, பின்னதற்குத் தடை. இரண்டிலும் நடக்கும் குற்றம் ஒன்றுதான்.

இந்த இரு வகைப் படங்களுக்கும் பேச்சு அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கலைப்படம் விளக்கம் சொல்ல மறுக்கிறது. கிளர்ச்சிப் படத்துக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. இரண்டும் ஒரே முட்டுச்சந்தில் சந்தித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

முழுக்க முழுக்க வசனமில்லாமல் அந்தச் சந்திப்பு நிகழ்ந்த ஆரம்பகாலப் படம் ஜான் பார்க்கரின் 'டிமென்ஷியா' (1955). ஓடும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு. மலிவு விடுதியில் விழித்தெழும் இளம்பெண் மடக்குக் கத்தியோடு இரவில் இறங்குகிறாள். ஒரு பணக்காரனைக் குத்தி மாடியிலிருந்து தள்ளுகிறாள். செத்தவன் கையில் அவளுடைய பதக்கம் சிக்கிக்கொள்ள, அந்தக் கையையே அறுக்கிறாள். நடுவில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் அவள் பெற்றோரின் கதை ஓடுகிறது: தாயைத் தந்தை கொல்ல, தந்தையை இவள் கொல்கிறாள். கல்லறைகளுக்கு நடுவே வீட்டு மேசை நாற்காலி போட்டு எடுத்த அந்தக் காட்சிக்கு ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. இசை ஜார்ஜ் ஆன்தைல், வார்த்தையில்லாத பெண்குரல் மார்னி நிக்சன். ஒளிப்பதிவாளர் வில்லியம் தாம்ப்சன், எட் வுட்டின் படங்களை எடுத்தவர். அவாங்-கார்ட் எனப்படும் மரபை உடைக்கும் சோதனைக் கலையின் இசையமைப்பாளரும் அடிமட்டப் படங்களின் ஒளிப்பதிவாளரும் ஒரே படத்தில்!

நியூயார்க் தணிக்கையாளர்கள் படத்தைத் தடுத்தார்கள். பிறகு வேறொரு நிறுவனம் வாங்கி 'டாட்டர் ஆஃப் ஹாரர்' என்று பெயர் மாற்றி, எட் மக்மேனின் குரலில் ஒரு விவரிப்பைச் சேர்த்து 1957இல் விட்டது. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் வசனமின்மை பற்றிக் கிடையாது. அதே காட்சிகள்தான். ஆனால் 'பைத்தியத்தின் உலகுக்கு வா' என்கிற ரீதியில் ஒருவர் காதருகே பேசத் தொடங்கியதும் பெண்ணின் பழி ஒரு நோயாகச் சுருங்கிவிடுகிறது. பேச்சில்லாத வடிவத்தில் அவள் செய்வது சரியா, கனவா, நோயா என்று நாம்தான் தடுமாறிக்கொண்டிருந்தோம். குரல் வந்ததும் அந்தத் தடுமாற்றம் போய்விட்டது, கூடவே பயமும்.

1970களில் வந்தது ஊமை நாயகி. போ ஆர்னே விபேனியஸ் இயக்கிய ஸ்வீடன் படமான 'த்ரில்லர் – எ க்ரூயல் பிக்சர்' (1973) படத்தில் கிறிஸ்டினா லிண்ட்பெர்க் நடித்த மேட்லின், சிறுவயதில் நடந்த வன்முறையால் பேச்சிழந்தவள். ஒருவன் அவளை ஹெராயினுக்கு அடிமையாக்கி விற்கிறான். எதிர்த்ததற்குத் தண்டனையாக ஒரு கண்ணைப் பறிக்கிறான். அவள் காசு சேர்த்து, கராத்தே, துப்பாக்கி, கார் ஓட்டும் பயிற்சி என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு திரும்பி வருகிறாள். உடைக்குப் பொருத்தமாகக் கண்பட்டையின் நிறம் மாறுவது அலங்காரமல்ல. பேசாத பாத்திரத்தின் மனநிலையை ஆடைதான் அறிவிக்க வேண்டியிருக்கிறது. கொலைகள் நீண்ட, மிக நீண்ட மெதுஅசைவில் வருகின்றன. கலைப்படப் பொறுமையும் ஆபாசச் செருகல்களும் அக்கம்பக்கமாக இருக்கும் விசித்திரம் இது. 'ஸ்வீடனில் முழுத் தடை பெற்ற முதல் படம்' என்று விளம்பரம் செய்தார்கள். அது பொய், விக்டர் ஷோஸ்ட்ரமின் 'தோட்டக்காரர்' 1912லேயே அங்கு தடைபட்டது. குவென்டின் டரான்டினோவின் 'கில் பில்' பார்த்தவர்களுக்கு அந்தக் கண்பட்டை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஏபெல் ஃபெராராவின் 'எம்.எஸ். 45' (1981) இதே அச்சின் நகரத்து வடிவம். ஸோயி லண்டுக்கு அப்போது 17 வயது. அவர் நடித்த தானா என்ற பாத்திரம், தையல் கூடத்தில் வேலை பார்க்கும் ஊமைப் பெண். ஜப்பானில் நடிகை மெய்கோ கஜி வேறு வழியில் அதே மௌனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 'பெண் கைதி 701: தேள்' (1972) படத்தின் மூலக் காமிக்ஸில் நாயகி கெட்ட வார்த்தைகளாகப் பொழிவாள், அதை வேண்டாம் என்று சொல்லி, கிட்டத்தட்ட பேசாமலே நடிக்கும் யோசனையைத் தந்தவர் அவர்தான். முறைத்த கண் மட்டும் போதுமாக இருந்தது.

இந்த மூன்றிலும் ஒரு சிக்கல் உண்டு, விமர்சகர்கள் அதை மேலோட்டமாகத் தாண்டிவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவளுக்கு மட்டும் பேச்சில்லை, பாதிப்பு செய்தவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள். பெண்ணின் மௌனத்தைப் படம் எதிர்ப்பாகக் காட்டுகிறதா, பார்ப்பதற்கு வசதியான பொம்மையாக்குகிறதா என்ற கேள்விக்குப் படத்துக்குள்ளேயே சுத்தமான பதில் கிடைக்காது. ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும். எல்லாருடைய வாயையும் சேர்த்து அடைத்தால் இந்தச் சாய்வு நீங்கிவிடும். பிற்காலப் படங்கள் செய்தது அதைத்தான்.

கிம் கி-டுக்கின் 'மோபியஸ்' (2013) அதில் உச்சம். கணவனின் கள்ளத்தொடர்பால் வெறிகொண்ட மனைவி அவன் உறுப்பை அறுக்க முயல்கிறாள். முடியாமல்போக, மகனுடையதை அறுத்துவிட்டு வீட்டைவிட்டுப் போகிறாள். பிறகு தந்தையும் மகனும் குற்றவுணர்வு, வலி, இச்சை ஆகியவற்றுக்குள் சுழல்வதே படம். ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்பதற்கு எந்தக் காரணமும் தரப்படுவதில்லை. மனைவி, கணவனின் காதலி இரண்டு வேடத்திலும் ஒரே நடிகை, லீ உன்-வூ. பெயர் சொல்லிக் கூப்பிட யாருமில்லாத படத்தில் முகம்தான் அடையாள அட்டை. அந்த அட்டையையே இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுகிறார் இயக்குநர். தலைப்பிலுள்ள மோபியஸ் நாடா, அதாவது ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டியதால் இரு பக்கமும் ஒன்றாகிவிடும் முடிவற்ற நாடா, இதுதான். வெனிஸ் விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. படப்பிடிப்பில் ஒரு நடிகையை அறைந்ததற்காகக் கிம்முக்குப் பின்னர் நீதிமன்றம் 50 லட்சம் வோன் அபராதம் விதித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுரண்டல் என்ற சொல்லைப் படவகையின் பெயராக மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

'மோபியஸ்' போலக் காரணம் சொல்லாமல் நழுவ எல்லாராலும் முடிவதில்லை. 'இவர்கள் ஏன் பேசவில்லை?' என்ற கேள்வி பத்தாவது நிமிடத்தில் வந்துவிடும். அதற்கு ஒரு பதில் வைத்திருப்பதுதான் பெரும்பாலோர் எடுக்கும் வழி. அந்தப் பதிலே திகிலின் இயந்திரமாகவும் மாறினால் படம் பிழைத்தது. மிரோஸ்லாவ் ஸ்லாபோஷ்பிட்ஸ்கி இயக்கிய உக்ரைன் படமான 'த டிரைப்' (2014) காது கேளாதோர் விடுதியில் நடக்கிறது. சைகை மொழி மட்டும், சப்டைட்டில் கிடையாது என்று தொடக்க அட்டையே சொல்லிவிடுகிறது. திகில் என்று அதை வகைப்படுத்த மாட்டார்கள். ஆனால் இறுதிப் பழிவாங்கலில், தூங்குபவர்களின் தலைமேல் கட்டிலருகே இருக்கும் சிறு மர அலமாரி விழும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் விழிப்பதில்லை. அவனுக்கு அந்தச் சத்தம் கேட்காது, நமக்குக் கேட்கிறது. வசனமின்மை அங்கே பாணியாக இல்லை, கொலையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. கார்த்திக் சுப்பராஜின் 'மெர்குரி' (2018) அதே கணக்கைத் திருப்பிப் போடுகிறது: துரத்தும் பிரபுதேவாவுக்குப் பார்வை கிடையாது, காது மட்டும் உண்டு, ஓடுகிறவர்களுக்குக் கண் உண்டு, காது கேட்காது. தாங்கள் எழுப்பும் சத்தம் அவர்களுக்கே தெரியாது என்பது ஒன்றே போதும், மயிர்க்கூச்செறிய. 'அஸ்ரேல்' (2024) பேச்சைப் பாவமாகக் கருதும் ஒரு கூட்டத்தைக் காரணம் காட்டுகிறது. காரணம் பொருந்தினாலும் அது வெறும் பின்கதையாகவே தங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

எடுக்க உட்காருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் திரைக்கதைத் தாள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற பழைய கணக்கு, வசனமும் செயலும் கலந்து வரும் தாளுக்கு உரியது. 'அவள் வீட்டைச் சோதிக்கிறாள்' என்ற ஒரு வரி திரையில் நான்கு நிமிடம் ஓடலாம். அரைப் பக்கத்துக்கு நீளும் ஒரு சண்டை 15 வினாடியில் முடியலாம். பக்கத்தை நம்பிப் படப்பிடிப்பு நாட்களைப் போட்டால் பாதியில் பணம் தீரும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி என்று உடைத்து எழுதி, நிறுத்தக் கடிகாரத்தோடு நடித்துப் பார்த்து நேரம் குறிப்பதே நம்பத்தகுந்த வழி. கோட்டுச் சித்திரங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது கள்ளத்தனம். வசனத்தை முன்கதவால் அனுப்பிவிட்டுப் பின்கதவால் கூட்டிவருவது: கைபேசிச் செய்தி, நாளிதழ்த் தலைப்பு, தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர், நாட்குறிப்பு. 'மோபியஸ்'கூட இணையத் தேடல் பக்கங்களை நம்பித்தான் மருத்துவ விஷயங்களைச் சொல்கிறது. அந்த இடங்களில் படம் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கிறது. ஒரு படத்துக்கு ஓரிரு முறை தாங்கும். இதைவிட மோசமானது நடிகர்கள் பேசாததை ஈடுகட்டக் கையை ஆட்டி, புருவத்தை ஏற்றி இறக்குவது. சாதாரண வாழ்வில் மனிதர்கள் பேசாமல் இருக்கும் தருணங்கள் ஏராளம்: வேலை செய்யும்போது, ஒளியும்போது, வலியில், தனிமையில், வெறுப்பில். காட்சிகளை அந்தத் தருணங்களுக்குள் அமைத்தால் நடிகர் எதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை. இருவரைச் சும்மா எதிரெதிரே உட்காரவைத்தால் மட்டுமே வசனம் இல்லாதது குறையாகத் தெரியும். கையில் ஒரு வேலை கொடுங்கள், தெரியாது.

ஒலிதான் இத்தகைய படத்தில் பணமும் நாட்களும் கரையும் இடம். படப்பிடிப்பில் சத்தம் பதிய வேண்டாம் என்பதால் மிச்சம்போலத் தோன்றும்: பூம் என்ற நீண்ட கழி ஒலிவாங்கியைப் பிடிப்பவர் இல்லை, கேமரா இரைந்தாலும் கவலையில்லை, ஷாட் ஓடும்போதே இயக்குநர் கத்தி வழிகாட்டலாம். பழைய மலிவுப் படக்காரர்களை இது கவர்ந்தது. ஒவ்வொரு மொழிக்கும் டப்பிங் செய்யாமல் விற்கலாம் என்ற ஆசையும் உண்டு. ஆனால் மிச்சம் பிடித்ததெல்லாம் பின்தயாரிப்பில் வட்டியோடு வெளியே போகும். காலடி, துணி உரசல், கையிலெடுக்கும் பொருள் என்று மூன்று அடுக்காக ஃபோலி செய்ய வேண்டும், அதாவது படத்தைப் பார்த்துக்கொண்டே அந்தச் சத்தங்களைக் கூடத்தில் புதிதாக எழுப்பிப் பதிய வேண்டும். வசனம் ஓடும் படத்தில் அதன் அடியில் ஒளிந்துகொள்ளும் குறைகள் இங்கே அம்மணமாக நிற்கும். ஈரத் தரையில் காய்ந்த செருப்புச் சத்தம் வந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆகவே படப்பிடிப்பிலும் ஒலிப்பதிவாளர் வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் அசையாமல் நின்று 30 முதல் 60 வினாடி வெறும் அறை ஒலியைப் பதியுங்கள். மூச்சைத் தனியாக எடுங்கள்; அதற்கு முன் நடிகரைக் கொஞ்சம் ஓடவிடுங்கள், உட்கார்ந்த உடம்பின் மூச்சு ஓடிய உடம்புக்கு ஒட்டாது. இந்த வகைப் படங்களில் மூச்சுதான் வசனம்.

கோராலி ஃபார்ஜாவின் 'ரிவெஞ்ச்' (2017) முழுக்க வசனமற்றது அல்ல, ஆனால் ஒலியைப் பயில அதைப் பார்க்கலாம். நாயகியின் ரத்தச் சொட்டு ஓர் எறும்பின்மேல் விழுவது குண்டு விழுவதுபோல் ஒலிக்கும். அளவை மீறிய அந்தச் சத்தம் ஒரு பக்க வசனத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

ஒலிக்கலவையில் வரும் சிக்கலைப் பலர் கடைசி வாரத்தில்தான் உணர்கிறார்கள். கலவைக்காரர் வழக்கமாக நங்கூரமாகப் பிடிப்பது பேச்சின் அளவைத்தான். மற்றதெல்லாம் அதற்கு மேலோ கீழோ அமையும். பேச்சை மட்டும் அளக்கும் முறையில் இந்தப் படத்தில் அளக்க எதுவுமே இருக்காது. முழு நிகழ்ச்சியையும் அளக்கும் முறைக்குப் போக வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்புத் தரமான ஆர்128 கேட்பது −23 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குப் படும் ஒலி உரப்பின் அலகு). அதிலும் ஒரு பொறி உண்டு. சராசரியைவிட 10 அலகு தாழ்ந்த பகுதிகளை அந்த அளவுகோல் கணக்கிலேயே சேர்க்காது. அதாவது உங்களுடைய அமைதியான 50 நிமிடத்தை விட்டுவிட்டு, அலறும் 20 நிமிடத்தை மட்டும் அளந்து இலக்குக்கு இறக்குவீர்கள். வீட்டில் பார்ப்பவருக்கு அமைதி காதிலேயே விழாது, ஒலியைக் கூட்டுவார், அடுத்த அலறலில் ரிமோட்டைத் தேடுவார். சில முறைக்குப் பின் படத்தை நிறுத்திவிடுவார். அமைதிக்கும் ஒரு தரை போடுவதுதான் மருந்து: காற்று, குளிர்பெட்டியின் முனகல், தொலைவில் ஒரு வண்டி. முழு மௌனத்தைப் படத்தில் ஓரிரு முறைக்கு மேல் செலவழிக்க வேண்டாம். திரையரங்கில் திடீர் முழு மௌனம் பயமுறுத்தாது, ப்ரொஜெக்டர் பழுதோ என்று எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைக்கும்.

ரத்தம் பற்றிச் சுருக்கமாக. பேச்சுள்ள படத்தில் காயத்திலிருந்து பேசும் முகத்துக்குத் தாவிவிடலாம். இங்கே கேமரா காயத்திலேயே தங்கும், ஆகவே போலி ரத்தம் நீண்ட பார்வையைத் தாங்க வேண்டும். ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித்தின் புகழ்பெற்ற சேர்மானம் இது: வெள்ளைக் கார்ன் சிரப் சுமார் 950 மி.லி., மெத்தில் பாரபென் (கெடாமல் காக்கும் பொருள்) 1 தேக்கரண்டி, சிவப்பு உணவு நிறம் 2 அவுன்ஸ், மஞ்சள் 5 தேக்கரண்டி, கோடாக் போட்டோ-ஃப்ளோ 2 அவுன்ஸ். மஞ்சள் இல்லாவிட்டால் ரத்தம் இளஞ்சிவப்பாகப் பல்லிளிக்கும். கடைசிப் பொருள் ஃபிலிம் கழுவப் பயன்படுவது; சிரப் தோலில் திரளாமல் பரவி ஒழுகுவதற்குச் சேர்ப்பது. அது நஞ்சு. வாயிலிருந்து வழியும் ரத்தத்துக்கு அதை விட்டுவிட்டே கலக்க வேண்டும். கறுப்பு-வெள்ளை என்றால் இந்தத் தொல்லையே இல்லை. 'சைக்கோ'வின் குளியலறையில் ஓடியது சாக்லெட் சிரப்.

தணிக்கை இந்தப் படங்களை வெட்டும் விதமும் வேறு. வசனப் படத்தில் ஒரு சொல்லை ஊமையாக்கினால் கதை பெரிதாகக் கெடாது. வசனமற்ற படத்தில் காரணமும் விளைவும் ஷாட்டுக்குள்தான் இருக்கின்றன. பத்து வினாடி போனால் யார் யாரை எதற்குத் தாக்கினார் என்பதே போய்விடும். 'மோபியஸ்' தென்கொரியாவில் முதலில் 'கட்டுப்படுத்தப்பட்ட திரையிடல்' தரம் பெற்றது. அந்தத் தரத்துக்கான தனி அரங்குகள் நடைமுறையில் இல்லாததால் அது தடைக்குச் சமம். தாய்-மகன் காட்சிகளை வெட்டிய பின்னரே வழி கிடைத்தது. வெட்டியதை நிரப்ப ஒரு வரி வசனம் சேர்க்கும் சௌகரியம் அந்தப் படத்துக்கு இல்லை.

ஒரே ஒரு சொல் மிச்சம் வைத்த படமும் உண்டு. 'எம்.எஸ். 45' முழுக்க வாய் திறக்காத தானா, கன்னியாஸ்திரி வேடத்தில் விருந்துக்கு வந்து ஆண்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து முதுகில் கத்தி இறங்குகிறது. திரும்புகிறாள். குத்தியவள், தன்னோடு வேலை பார்க்கும் பெண். துப்பாக்கி தூக்கிய கை தாழ்கிறது, உதடு அசைகிறது: "சகோதரி."